நாலு பட்டுச் சட்டையும் ஒரு ஊதாக் கறையும்

மார்ச் 6, வியாழன்

இன்று லேபில் ஒரு சிவப்பு பனியன் துணி என் பொறுமையைச் சோதித்துவிட்டது. மூன்று முறை துவைத்தேன், மூன்று முறையும் சாயம் விட்டது. மேனேஜர், "இன்னொரு தடவை போட்டுப் பாரேன், ஒருவேளை..." என்று இழுக்கிறார். ஒருவேளையாவது மண்ணாங்கட்டியாவது. போகிற சாயம் போகத்தான் செய்யும். நாலரை அண்ணன் துணியை விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாலரை குடுக்கலாம்மா" என்றார். அவருக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். துவைத்தால் சாயம் எவ்வளவு போகிறது என்று பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போடுவது எங்கள் வேலை. ஐந்து என்றால் துளியும் போகவில்லை, ஒன்று என்றால் துணி தேறாது. அண்ணன் பதினெட்டு வருடமாக யார் மனமும் நோகாமல் நாலரை போட்டுக்கொண்டிருக்கிறார். நான் இரண்டு போட்டேன். மேனேஜர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

வீட்டுக்கு வந்தால் அக்கா சாப்பாட்டு மேசை மேல் தன் பட்டுச் சேலையை விரித்து வெட்டிக்கொண்டிருக்கிறாள்! அவளிடம் இருக்கிற ஒரே நல்ல பட்டு. சந்தன நிறம். வாசலிலேயே நின்று கத்திவிட்டேன்.

"ஏன்டி கத்தற? மேல படற மாதிரி எதையும் போட முடியல. இது ஒண்ணுதான் உடம்புல இருக்கறதே தெரியல. சேலையா சுத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? தொளதொளன்னு நாலு சட்டை வரும்."

"நல்ல சேலைக்கா அது."

"நல்லதா இருக்கப்போய்தானே வெட்டறேன்."

ஜரிகைக் கரையை முதலிலேயே கத்தரித்து ஓரமாகச் சுருட்டி வைத்திருந்தாள். கரை குத்துமாம். தையல்காரி. ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை, இடது கை தோளுக்கு மேல் எழும்புவதே பெரிய பாடு, ஆனால் கத்தரி பிடித்த வலது கை நூல் பிசகவில்லை. இடது மார்பில் இருந்த கட்டியை எடுத்தாயிற்று. இனி மிச்சம் மீதி இருந்தால் அதையும் அழிக்க இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு. சனி, ஞாயிறு மட்டும் லீவு. அதற்காகத்தான் கடையைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: இருபத்தைந்தும் முடிக்க வேண்டும், பாதியில் விடக் கூடாது.

இன்று நான்காவது.


மார்ச் 7, வெள்ளி

ஐந்து முடிந்தது. பஸ்ஸில் கேட்டேன், எப்படி இருந்தது என்று. "நல்லா இருந்துச்சு" என்றாள். கதிர்வீச்சு நல்லா இருந்ததாம்! இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?


மார்ச் 9, ஞாயிறு

நாலு சட்டையும் தயார். முதலில் தைத்ததை வெள்ளிக்கிழமையே போட ஆரம்பித்துவிட்டாள். முன்பக்கம் திறக்கிற மாதிரி, கை அகலமாக. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். "எப்படி இருக்கு?" என்றாள். மகாராணி மாதிரி இருந்தாள். "தலையணை உறை மாதிரி இருக்கு" என்றேன். சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று.

துவைப்பது என் பொறுப்பு. கையை முறுக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. தவிர, இந்த வீட்டில் துணி துவைப்பதைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? கடைச் சட்டைகளின் கழுத்தில், கையால் மட்டும் துவைக்கச் சொல்லித் தைத்திருக்கிற அந்தச் சின்னத் தொட்டியும் கையும் படம், அதைப் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதே நான்தான்.

முதலில் சோதனை. உள்பக்கத் தையல் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்தேன். சாயம் துளியும் இல்லை. பிளாஸ்டிக் பேசினில் குளிர்ந்த தண்ணீர், குழந்தைக்குப் போடுகிற ஷாம்பு கொஞ்சம். தேய்க்காமல், கசக்காமல், தண்ணீருக்குள் மேலும் கீழும் அமுக்கி எடுத்தேன். இரண்டு தரம் அலசல். பிழியவில்லை. உலர்ந்த டவல் மேல் விரித்து, டவலோடு சுருட்டி அமுக்கினால் ஈரம் போய்விடும். வெயில் படாத இடத்தில், நாற்காலி முதுகு இரண்டுக்கு நடுவே வலை கட்டி அதன் மேல் படுக்க வைத்துக் காய வைத்தேன். தொங்கவிட்டால் தோள் இழுத்துக்கொள்ளும்.

எல்லாம் சரி. ஒன்றைத் தவிர. அந்த ஊதாக் கறை.

கதிர் எங்கே பட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் அவள் தோல் மேல் ஊதா மையால் கோடு போட்டிருக்கிறார்கள். அது அழியக் கூடாது, குளிக்கும்போதுகூடத் தேய்க்கக் கூடாது. ஆனால் வேர்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சட்டையில் இறங்குகிறது. தோலில் போகக் கூடாத மை துணியில் போக மாட்டேன் என்கிறது. ஷாம்புக்கு அசையவில்லை.

"இருந்துட்டுப் போகட்டும்டி. யாரு பாக்கப்போறா?"

நான் பார்க்கிறேனே. ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில், அந்தக் கட்டி இருந்த இடத்தில், ஊதாவாக ஒரு சிலுவைக் குறி. எனக்குப் பிடிக்கவில்லை. போக வேண்டும்.


மார்ச் 11, செவ்வாய்

போய்விட்டது! சுத்தமாக!

லேபிலிருந்து, துணியைச் சோதிக்கும்போது நாங்கள் போடுகிற டெஸ்ட் பவுடர் கொஞ்சம் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தேன். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் மேனேஜர் ஒரு ஃபாரம் நிரப்பச் சொல்வார். யோசித்துத்தான் செய்தேன். கடைப் பவுடரில் வாசனை இருக்கும், வெளுப்பாகக் காட்டுகிற சமாசாரம் இருக்கும், அதெல்லாம் அக்காவின் தோலுக்கு ஆகாது. டெஸ்ட் பவுடரில் அதெல்லாம் கிடையாது. உலகத்தில் இதைவிடச் சுத்தமான பவுடர் உண்டா? அரை ஸ்பூன், பத்து நிமிடம் ஊறல், மூன்று அலசல். ஊதா இருந்த இடம் தெரியவில்லை.

அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கி வந்த மாதிரி. அவள் துணியை விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்குடி" என்றாள்.


மார்ச் 13, வியாழன்

தினமும் ஒரு சட்டை. வந்தவுடன் பேசின், அப்புறம்தான் எனக்குக் காபி. ஒன்பது முடிந்தது. லேபில் அந்தச் சிவப்பு மறுபடி வந்தது. மறுபடி இரண்டு.


மார்ச் 17, திங்கள்

பதினொன்று. இந்த வாரத்திலிருந்து தோல் சிவக்கும், எரிச்சல் இருக்கும், அது எல்லோருக்கும் வருவதுதான் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். அக்காவின் கழுத்தோரம் லேசாகச் சிவப்பு தெரிந்தது.

"எரியுதாக்கா?"

"அதெல்லாம் இல்ல."

உடை மாற்றும்போது கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறாள். ஆபரேஷனுக்குப் பிறகு என்னைக்கூட உள்ளே விடுவதில்லை. நானும் வற்புறுத்துவதில்லை. என் முன்னால் அழ மாட்டாள். நானும் அவள் முன்னால் அழ மாட்டேன். நல்ல குடும்பம்.

சட்டைகள் முன்போல் வழுக்கவில்லை. கையில் எடுத்தால் கொஞ்சம் சரசரவென்றிருக்கிறது. இந்த வீட்டுத் தண்ணீர் உப்பு.


மார்ச் 19, புதன்

காலையில் பால் எடுக்க எழுந்தால் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருக்கிறாள், நெஞ்சைத் தலையணையில் சாய்த்து, முதுகு எதிலும் படாமல். இரண்டு நாளாக இப்படித்தானாம். "படுத்தா மூச்சு ஒரு மாதிரி இருக்கு" என்றாள். உடனே டாக்டரிடம் சொல்லலாம் என்றேன். "சும்மா இரு, எதுக்கெடுத்தாலும் டாக்டர்" என்றாள்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் இவள். பன்னிரண்டு வயதில் நான் தலைவலி என்றால் போதும், பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடுவாள். தன் விஷயத்தில் மட்டும் வாயில் பூட்டு. கடையில் பார்த்திருக்கிறேன். யார் ரவிக்கை போட்டுப் பார்க்க வந்தாலும் சுற்றிச் சுற்றி வந்து கேட்பாள், "எங்கயாவது குத்துதா? கூச்சப்படாம சொல்லுங்க." குத்துகிறது என்றால் முகம் சுளிக்காமல் பிரித்துத் தைப்பாள். அவளை யார் கேட்பது?


மார்ச் 20, வியாழன்

பதினாலு முடிந்து வெளியே வந்தவள் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு சாதாரணமாகச் சொல்கிறாள்:

"பதினாலு போதும்னு நினைக்கிறேன்."

"எது போதும்?"

"இதுதான். கட்டியத்தான் எடுத்தாச்சே. கடைய வேற எத்தனை நாள் பூட்டி வைக்கறது."

எனக்குக் காது அடைத்துப்போயிற்று. பஸ் வந்தது, ஏறினோம், இறங்கினோம்.

சட்டையைத் துவைத்துப் போட்டேன். பழக்க தோஷம்.


மார்ச் 21, வெள்ளி

போகவில்லை. பிடிவாதம், பிடிவாதம், பிடிவாதம். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறேன், அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

என்னென்னவோ கத்தினேன். "உனக்கு உயிரோட இருக்கணும்னு ஆசையே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பலகையில என்னால படுக்க முடியலடி" என்றாள். அவ்வளவுதான். பத்து நிமிடம்தானே, கையைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுத்தால் முடிந்துபோகிற வேலைதானே! உலகத்தில் எல்லாரும் படுக்கிறார்கள். இவளால் முடியாதாம்.

பயமாக இருக்கிறது. கோபமாகத்தான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் பயம்தான். அக்கா இல்லாமல் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? யாருமில்லை.


மார்ச் 22, சனி

பேச்சுவார்த்தை இல்லை. நாலு சட்டையும் மடித்து அவள் தலைமாட்டில் வைத்தேன். அவள் அதில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சண்டையிலும்.


மார்ச் 24, திங்கள்

எங்கிருந்து தொடங்குவது?

"நீ நிறுத்தறதா இருந்தா அந்த நர்ஸ் பொண்ணுகிட்ட நீயே நேர்ல வந்து சொல்லு, நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லித்தான் இழுத்துப்போனேன். நர்ஸ் கோபிக்கவில்லை. "படுக்கவே முடியலையா? எங்கேம்மா வலிக்குது? திரும்புங்க பாக்கலாம்" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். ஐந்து நிமிடம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். அக்கா வேண்டாம் என்று தலையாட்டுகிறாள். நர்ஸ் விடவில்லை.

"நீங்களே பாருங்க. முன்னாடி இடது பக்கம் சிவந்திருக்கே, அது கதிரால வர்றது. இந்த நேரத்துக்கு இவ்வளவு சிவப்பு இருக்கும், சரி. இது என்ன? வலது தோள்ல, பின்கழுத்துல, இடுப்பைச் சுத்தி? இங்கெல்லாம் கதிர் வரவே வராதே."

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக அக்காவின் முதுகைப் பார்த்தேன்.

கோடு கோடாக. கழுத்தைச் சுற்றி ஒரு கோடு. இரண்டு தோளிலும் ஒவ்வொன்று. அக்குளிலிருந்து இடுப்பு வரை பக்கத்துக்கு ஒன்று. கீழே மடிப்பு இருக்கிற இடத்தில் பட்டையாக. சில இடம் தோல் உரிந்து சதை தெரிந்தது. அந்த முதுகோடுதான் பலகையில் படுத்திருக்கிறாள். பத்து நிமிடம். தினமும்.

நர்ஸுக்கு அது என்னவென்று உடனே புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பதினேழு வருடம் துணியைத் துவைத்துப் பார்க்கிறவளுக்கு அது புரியாதா? அவை தையல்கள். துணி இரண்டு மடிப்பாக, மூன்று மடிப்பாக இருக்கிற இடம். அலசினால் கடைசி வரை பவுடர் போகாத இடம்.

"துணிய எதுல துவைக்கிறீங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

அக்கா முந்திக்கொண்டு, "நல்லாத்தான் துவைக்கறா. ரொம்ப சுத்தமா துவைப்பா" என்றாள்.

அய்யோ.

டாக்டர் வந்து பார்த்தார். வியாழன் வரை கதிர் வேண்டாம், ஒரு களிம்பு, வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். விட்டுப்போன நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் இதற்கு மேல் தள்ள முடியாது, அதற்குள் படுக்க முடிய வேண்டும் என்றார்.


மார்ச் 25, செவ்வாய்

லேபுக்கு ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். உள்மடிப்பிலிருந்து விரல் நகம் அளவுக்குத் துணி வெட்டி, சுத்தமான தண்ணீரில் போட்டுக் குலுக்கி, காரப் பரிசோதனைத் தாளை நனைத்தேன். காரம் ஏற ஏற அது மஞ்சளிலிருந்து பச்சை, நீலம் என்று மாறும். தோலில் படுகிற துணிக்குப் பச்சைக்குக்கூடப் போகக் கூடாது. நீலமானது. கருநீலம். அளவு ஒன்பதுக்கும் மேல், ஏழைத் தாண்டினாலே காரம். இதே முடிவு எங்கள் மேசைக்கு வந்திருந்தால் லாரி லோடையே திருப்பி அனுப்பியிருப்பேன்.

நாலரை அண்ணன் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. "யாரு துணிம்மா இது?" எல்லாவற்றையும் சொன்னேன். பவுடர் எடுத்ததையும். அவர் திட்டுவார் என்று பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது துணிய துவைக்கற பவுடர் இல்லையேம்மா. துணி எந்த அளவுக்குத் தாங்கும்னு பாக்கறதுக்கு நாம போடறது. அதோட இரும்புக் குண்டும் போட்டு உருட்டறோமே."

தெரியாதா எனக்கு? தினமும் அதே ஜாடியில் அதே குண்டுகளை எண்ணிப் போடுகிறவள் நான். துணியைக் கெடுத்துப் பார்க்கவென்று செய்த காரம் அது. அதிலும் பட்டுக்குக் காரம் ஆகாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பதும் நான்தான். வாசனை இல்லை, வெளுப்பு இல்லை என்று இல்லாததை எல்லாம் எண்ணினேன். இருப்பதை எண்ணவில்லை. ஒரு ஊதாப் புள்ளி கண்ணை உறுத்தியது, அவ்வளவுதான் எனக்கு. அதைப் போக்க என் அக்காவின் முதுகை உரித்துவிட்டேன்.

"எத்தனைண்ணா போடுவீங்க எனக்கு?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"போம்மா, வீட்டுக்குப் போ. மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அக்கா முன்னால் தரையில் உட்கார்ந்து சொன்னேன். அக்கா, அது கதிர் இல்ல. நான்தான். என் பவுடர்தான்.

"தெரியும்டி" என்றாள்.

தெரியுமாம்! எப்போதிலிருந்து? முதல் நாளிலிருந்தே. "பட்டு முரடாயிடுச்சுன்னு கை சொல்லிடுச்சு. முப்பது வருஷமா துணி தொடற கை. மூணாம் நாளே மடிப்பு இருக்கற இடமெல்லாம் எரிய ஆரம்பிச்சுது."

"அப்ப ஏன்க்கா சொல்லல?"

"நீ எவ்ளோ ஆசையா செஞ்ச. வேலைல இருந்து வந்து காபிகூடக் குடிக்காம பேசின்ல கைய விட்டுட்டு உக்காந்திருப்ப. அதப் போய் எப்படி நல்லா இல்லன்னு சொல்றது?"

எனக்கு அணை உடைந்த மாதிரி வந்தது. லூசாக்கா நீ? என் மனசு நோகக் கூடாதுன்னு நீ வைத்தியத்தையே விட்டுடுவியா? நீ செத்துப்போனா என் மனசு நோகாதா? அப்ப மட்டும் எனக்கு ஜாலியா இருக்குமா? கத்தினேன், அழுதேன், மூக்கைச் சிந்தினேன். ஒருவர் முன்னால் ஒருவர் அழுவதில்லை என்ற கதை அத்தோடு முடிந்தது. அவளும் அழுதாள். "எனக்கு அது எரியுதுன்னு சொல்ல வரலடி. வாய் வரைக்கும் வருது, அப்புறம் 'நல்லா இருக்கு'ன்னுதான் வெளிய வருது. நான் என்ன பண்ண?" என்றாள்.

பொய் இல்லை அது. அவளுக்கு நிஜமாகவே வரவில்லை. நாற்பது வருடமாக வீட்டில் பெரியவளாகவே இருந்து அந்த வாக்கியமே அவளுக்குப் பழக்கமில்லாமல் போய்விட்டது.


மார்ச் 26, புதன்

லீவு. நாலு சட்டையையும் வெறும் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, ஆறு தரம். பிறகு ஒரு பேசின் தண்ணீருக்கு ஒரு மூடி வினிகர், காரத்தை முறிக்க. பிறகு மறுபடி வெறும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் தாளை நனைத்துப் பார்த்தேன். மடிப்பையும் பார்த்தேன், மடிப்பைத்தான் முதலில் பார்த்தேன். மஞ்சள். நாலும் மஞ்சள். மீதிப் பவுடரை டப்பாவோடு லேபில் வைத்துவிடுவேன்.

அக்கா மோந்து பார்த்து, "என்னடி, ஊறுகாய்ல போட்டியா?" என்றாள். காய்ந்ததும் வாசனை போய்விட்டது. பட்டு முழுசாகத் திரும்பவில்லை, பளபளப்பு கொஞ்சம் போனது போனதுதான். ஆனால் சரசரப்பு இல்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. நாலையும் வாங்கி உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, ஒன்றைப் போட்டுக்கொண்டாள். தையலெல்லாம் வெளியே, வழவழப்பு உள்ளே. "கடைக்காரி தையலைக் காட்டிக்கிட்டு ரோட்டுல போறா பாரு" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

ஒரு யோசனை வந்தது. "அக்கா, எரியுதான்னு நான் கேக்க மாட்டேன். மார்க் போடு. அஞ்சுன்னா ஒண்ணுமே தெரியல. ஒண்ணுன்னா தாங்க முடியல. நம்பர் மட்டும் சொல்லு."

கொஞ்சம் யோசித்தாள். "நாலரை" என்றாள்.

சிரிப்பை அடக்க முடியவில்லை. நாலரை அண்ணனின் கதையைச் சொன்னேன். அவளும் சிரித்தாள். அப்புறம், "சரி, மூணு" என்றாள். கீழே பார்த்துக்கொண்டு, ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி.

மூணு! என் அக்கா மூணு என்று சொல்லிவிட்டாள்.


மார்ச் 28, வெள்ளி

படுத்தாள். முதுகுக்கு அடியில் நர்ஸ் மெத்தென்று ஒரு துணி மடித்துப் போட்டாளாம். பதினைந்து முடிந்தது.

"எத்தனை?"

"பலகைக்கு ரெண்டு. முதுகுக்கு மூணரை."

தனித்தனியாகவே போட ஆரம்பித்துவிட்டாள்.


மார்ச் 31, திங்கள்

பதினாறு. ஊதாக் கறை மறுபடி சட்டையில். ஷாம்பு, அமுக்கல், அலசல். போகவில்லை. விட்டுவிட்டேன். என்னைப் பார்த்து முழித்துக்கொண்டு கிடக்கட்டும்.


ஏப்ரல் 4, வெள்ளி

இருபது. இப்போது நிஜமான எரிச்சல், கதிருடையது, இடது பக்கம் முழுக்கத் தக்காளி நிறம். இரண்டு என்றாள். நர்ஸிடம் அவளே சொல்லியிருக்கிறாள், நான் கூட இல்லாதபோது! களிம்பை மாற்றிக் கொடுத்தார்கள்.

பின்கழுத்துக் கோடு மங்கிவிட்டது. இப்போதெல்லாம் களிம்பு போட என்னை உள்ளே விடுகிறாள். கதவைத் தாழ் போடுவதில்லை.


ஏப்ரல் 8, செவ்வாய்

இருபத்திரண்டு. சோர்வு. படிக்கட்டில் இரண்டு தரம் உட்கார்ந்தாள். "இன்னிக்கு எனக்கு நானே ஒண்ணு போட்டுக்கறேன்" என்றாள். நாளைக்கு வர மாட்டேன் என்பாளோ என்று பயந்தேன். "நாளைக்கு ஆட்டோ பிடி. பஸ் வேண்டாம், குலுக்குது" என்றாள்.

அவ்வளவுதான். ஆட்டோதான் வேண்டுமாம்.


ஏப்ரல் 11, வெள்ளி

இருபத்தைந்து.

நர்ஸ் கையைக் குலுக்கினாள். இனி அந்தக் கோடுகள் தானாகப் போகட்டும், தேய்க்க வேண்டாம் என்றாள். லேபுக்குப் போன் செய்து நாலரை அண்ணனிடம் சொன்னேன். "அஞ்சும்மா! அஞ்சு போட்டுக்கோ!" என்று கத்தினார். பதினெட்டு வருடத்தில் முதல் அஞ்சு.


ஏப்ரல் 13, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. இருவரும் நாள் முழுக்கத் தூங்கினோம். அக்கா படுத்துத் தூங்கினாள்.


ஏப்ரல் 26, சனி

அடுத்த வாரம் கடையைத் திறக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பட்டுச் சட்டைகள் மூன்றை எடுத்துக்கொண்டு, கறை அதிகமாக இருக்கிற ஒன்றை எனக்கு வைத்துவிட்டாள். "வீட்டுல போட்டுக்க. உனக்குக் கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கும்." போட்டுக்கொண்டேன். இடது பக்கம் ஊதாக் குறி. இப்போது அது கண்ணை உறுத்தவில்லை.

நான் சமையலறையில் இருந்தேன். அவள் குளிக்கப் போனாள். முதுகுக் கோடுகள் எல்லாம் போய்விட்டன, பின்கழுத்தில் மட்டும் கொஞ்சம் கருத்த தடம் இருக்கிறது. தண்ணீர் நிற்கிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் உள்ளேயிருந்து ஒரே கூச்சல்.

"ஏய்! யாருடி இந்த டவலைத் துவைச்சது? முள்ளு மாதிரி இருக்கு! இதுல மனுஷி துடைச்சிக்கறதா?"

நான் கேட்கவேயில்லை. எத்தனை என்றும் கேட்கவில்லை, குத்துகிறதா என்றும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாயெல்லாம் பல்.

"நான்தான்க்கா!"

"ரெண்டு! எழுதிக்க! வேற டவல் கொண்டா!"

எழுதிக்கொண்டேன். இரண்டு. டவல் பேசினில் ஊறுகிறது.